மேல்மாடியில் ஒரு குரல் அதிகம்

நாலு மணிக்கு மரகதம் தலையை வாரி முடிந்துகொண்டு, "மேல போயிட்டு வரேங்க, ஃபிளாஸ்க்ல காப்பி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சிங்காரவேலு பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றார். ஆனால் படிக்கவில்லை, மனைவி படியேறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குப் பதினெட்டுப் படி. முழங்கால் வலிக்காரி, மொட்டைமாடியில் துணி காயப்போட ஏறும்போதெல்லாம் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறவள், புதன்கிழமை நாலு மணிக்கு மட்டும் நிற்பதில்லை. ஒரே சீராக, ஏறக்குறைய ஓட்டமாக, பட் பட் பட்டென்று பதினெட்டும் ஏறிவிடுகிறாள். வலி என்ன கிழமை பார்த்தா வரும்? அவர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். விசிறி ஓடினால் மேலே நடப்பது சரியாகக் கேட்காது. சித்திரை மாதத்துத் திருச்சி, மேற்கு பார்த்த சுவர், விசிறி நின்ற மறு நிமிடமே கழுத்து மடிப்பில் வியர்வை ஊறத் தொடங்கியது. பரவாயில்லை. மேலே நாற்காலி இழுபடுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், அப்புறம் அந்தக் கரகரப்பு, எண்ணெயில் கடுகு விழுந்தாற்போல், இசைத்தட்டில் முள் இறங்குகிறது. பிறகு ஜல்ஜல் என்று ஏதோ குலுங்க, அந்தப் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். பா பா பா பா. ஒரு நாலைந்து பெண்கள் சேர்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நடந்து போகிறவர்கள் மாதிரி, அவசரமே இல்லாமல், பா பா பா. வார்த்தை வரும் என்று காத்திருந்தால் வார்த்தைக்குப் பதில் மறுபடியும் அதுவே வருகிறது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் வார்த்தை சொல்லிப் பாடுவான். பா பா என்று பாடுகிறவர்களிடம் என்ன இருக்கிறது சொல்லாமல் வைத்துக்கொள்ள?

ஒருநாள் படியில் நோரீனையே கேட்டார். நோரீன் ராட்ரிக்ஸ், மூன்றாம் மாடிக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது, கரக்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், மரகதத்துக்குச் சின்ன வயதில் பொன்மலை ரயில்வே காலனியில் பக்கத்து வீடாம். அப்படித்தான் மரகதம் சொன்னாள். மார்க்கெட்டில் பார்த்தாளாம், நாற்பது வருஷத்துக்கு அப்புறம் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிட்டதாம், எங்கள் கட்டடத்தில் மேல்வீடு காலியாக இருக்கிறது என்று இவளே சொன்னாளாம். கல்யாணமான நாளாக அந்தப் பெயரை ஒருதரம்கூட வாயில் எடுக்காதவள். "அது என்ன பாட்டும்மா, புதன்கிழமையானா?" என்று கேட்டதற்கு நோரீன் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "வெயில் பாட்டு சார். எங்க அக்கா காலத்து ரெக்கார்டு. அப்பல்லாம் பொம்பளைங்களா சேர்ந்து பாடுவாங்க, வெயில் அடிக்குது, ஜன்னலைத் திற, பட்டம் விடலாம் வான்னு. கேட்டா மனசு லேசாயிடும் சார், நீங்களும் ஒருநாள் வாங்க" என்றாள். வெயிலைப் பற்றிப் பாட்டாம். திருச்சி கிராப்பட்டியில் உட்கார்ந்துகொண்டு வெயில் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட என்ன இருக்கிறது? அதைவிட அந்த இன்னொரு வார்த்தைதான் அவரைத் தூங்கவிடவில்லை. லேசாயிடும். லேசாக வேண்டுமென்றால் முதலில் கனமாக இருக்க வேண்டுமே, மரகதத்துக்கு என்ன கனம்? சொந்த வீடு, ஓசூரில் வேலைக்குப் போகிற மகள், குடிக்காத புருஷன். நோரீனுக்கு எப்படித் தெரிந்தது மரகதத்தின் மனசு கனம் என்று? யார் சொல்லியிருப்பார்கள்?

மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம், அதில் கடைசிப் பதினான்கு வருஷம் மின்திருட்டைப் பிடிக்கும் படையில் இருந்தவர் சிங்காரவேலு. அவர் காதுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. தெருவில் ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்காமலேயே சொல்லுவார், இந்த வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது, அந்த வீட்டில் பின்கட்டில் மோட்டார் ஓடுகிறது என்று. போய்ப் பார்த்தால் மீட்டரில் சக்கரம் செத்துக் கிடக்கும். அந்தப் பதினான்கு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, முகம் சுளிக்கிற வீட்டில் எதுவும் இருக்காது. "வாங்க சார், உக்காருங்க சார், மோர் சாப்பிடுறீங்களா சார்" என்று வாசலுக்கு வந்து பல் தெரியச் சிரிக்கிற வீட்டில்தான் கூரைக்குள் கம்பி ஓடிக்கொண்டிருக்கும். நோரீன் குடிவந்த அன்று சுவிட்சு போர்டு ஒன்று வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டாள், போனார், அப்போது மேஜைமேல் அந்த இசைத்தட்டின் உறை கிடந்தது. புல்தரையில் நாலு பெண்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கவுன், தலையில் பூ, நாலு பேருக்கும் மொத்தப் பல்வரிசையும் தெரிகிறது. அன்றைக்கே அவருக்குப் பிடிக்கவில்லை. யாரைப் பார்த்து இவ்வளவு சிரிப்பு? படம் எடுத்தவன் என்ன சொன்னான்? சிரிப்புக்கு முந்தின நிமிடம் அந்த நாலு பேரும் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? இப்போது மேலே கைதட்டல் கேட்கிறது. பாட்டின் நடுவில் ஓரிடம் வரும், எல்லாரும் நிறுத்திவிட்டு இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள், அந்த இடத்தில் மேல்வீட்டிலும் தட்டுகிறார்கள். போன வாரம் தாமதமாகத் தட்டினார்கள், இந்த வாரம் கனகச்சிதமாக விழுகிறது. பழக்குகிறார்கள். எதற்கோ பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் வேறு. நாற்பது பக்க நோட்டு, துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் இருந்தது, அவராகத் தேடிப் போகவில்லை, போர்வை எடுக்கப் போனார். சித்திரையில் எதற்குப் போர்வை என்று அவரை யாரும் கேட்கவில்லை. மரகதத்தின் கையெழுத்து, எல்லாம் இங்கிலீஷ், ஆனால் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். ரயில்வே பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், வாசித்தால் புரிந்துகொள்வாள், ஆனாலும் தமிழில்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள், 'வெயிட் ஃபார் மீ பை த கேட்' என்று ஒரு வரி, 'கம் சண்டே மார்னிங் ஐ வில் பி கான்' என்று ஒரு வரி, நடுவில் பக்கம் பக்கமாகப் பா பா பா, அதில் சிலவற்றின் தலையில் மட்டும் சின்னக் கோடு. அவருக்கு ஆபீஸ் இங்கிலீஷ் தெரியும், சீல் உடைக்கப்பட்டிருந்தது, சாட்சி முன்னிலையில் கைப்பற்றப்பட்டது என்கிற அளவுக்கு, ஆனால் இது புரியாத இங்கிலீஷா? கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காக நில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போயிருப்பேன். எங்கே போயிருப்பாள்? பாட்டுத்தான், பாட்டில் வருகிற வரிதான் என்று அவருக்கும் தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டேதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி என்று சொல்லிக் கீழே போய் கேட்டுக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்றார். பால்காரர் வந்தார், ஜபம் முடிந்து யாரோ ஸ்கூட்டரில் வந்தார்கள், மரகதம் வரவில்லை. மேலே வந்தால் சமையலறையில் குருமாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் நின்றார். "நடக்கப் போறேன்னுட்டு அங்கயே நிக்கிறீங்களே, கால் வலிக்குதா?" என்று மரகதம் கேட்டாள். ஆக அவளும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகளிடம் போனில் ஜாடையாகச் சொன்னார், உங்க அம்மா போக்கு சரியில்லை என்று. மகள், "அம்மா பாட்டு கேக்கறாங்க, அவ்வளவுதானேப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவ்வளவுதானே. அவளுக்கும் தெரியும்போலிருக்கிறது.

பாட்டு மாறியது. இது மெதுவானது, குழல் மாதிரி ஏதோ ஒன்று முன்னால் போக, பெண்கள் பின்னால் வருகிறார்கள், வெயில் சாய்ந்த நேரத்தில் கொடியிலிருந்து துணி எடுக்கிறவர்களின் பேச்சு மாதிரி தணிவாக. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் சந்தேகம், நன்றாக இல்லாமல் இருந்தால் இத்தனை யோசிக்க வேண்டாமே, தன் கட்டைவிரலே நாற்காலிக் கையில் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டு அவர் விரலை மடக்கிக்கொண்டார். கண்ணை மூடிக் குரல்களைப் பிரிக்கத் தொடங்கினார், மோட்டார் வேறு, மிக்ஸி வேறு, பழைய ஃபிரிட்ஜின் முனகல் வேறு என்று பிரிக்கிறாற்போல். அடியில் ஒரு குரல், டிரான்ஸ்பார்மர் மாதிரி நிலையாக, அது ரெக்கார்டு. அதற்கு மேலே ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு குரல், அதுவும் ரெக்கார்டு. நோரீன் கூடப் பாடுகிறாள், அவளுக்கு ஆஸ்துமா, வரி முடியும் முன்பே காற்று தீர்ந்துபோகும், அது தனியாகத் தெரிகிறது. தரைத்தளத்து ஜன்னத் டீச்சர் பாடவே இல்லை, அந்தம்மாள் கை மட்டும் தட்டுவாள், வளையல் சத்தம் வருகிறது. மரகதம் சும்மா உட்கார்ந்திருப்பாள், அவளுக்குப் பாட்டு எங்கே வரும். அப்படியானால் இது யார்? எல்லாவற்றுக்கும் மேலே, மெல்லியதாக, ஒரு குரல் அதிகமாக இருக்கிறது. ரெக்கார்டு இல்லை, ரெக்கார்டின் கரகரப்பு அதன்மேல் ஒட்டவில்லை. ஒவ்வொரு வரியிலும் அரை மூச்சு தாமதமாக வருகிறது, ஓடுகிற பஸ்ஸில் ஓடிவந்து ஏறுகிறவள் மாதிரி, ஆனால் ஏறிய பிறகு பிடி தளராமல், மற்றவர்கள் இறங்கின பிறகும் இறங்காமல் நிற்கிறது. இளம்பெண். இருபது, இருபத்திரண்டு இருக்கும். மூன்று பேர் என்றுதானே சொன்னாள் மரகதம், நானு, நோரீன், டீச்சர் என்று விரல்விட்டுச் சொன்னாளே. நாலாவதாக ஒருத்தியை உட்காரவைத்துக்கொண்டு மூன்று பேர் என்று ஏன் சொல்ல வேண்டும்? நோரீனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. டீச்சருக்கு இரண்டும் பையன்கள். யாருடைய பெண், எங்கிருந்து வந்தது, வீட்டை விட்டு வந்த பெண்ணா, எவனுக்காகவோ கேட்டில் காத்திருக்கிற பெண்ணா, ஞாயிற்றுக்கிழமை போகப்போவது இவளா, மரகதம் அதற்கு உடந்தையா? அவருக்குள் எழுந்தது பயமா, பிடித்துவிட்டோம் என்கிற பழைய சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை, எழுந்து ஜன்னலோரம் போய்க் காதைக் கம்பியில் வைத்தார். கம்பி சுட்டது.

அப்போதுதான் ரெக்கார்டு தடுக்கிற்று. ஒரே அரைவரியை முள் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தது, ஓப்பன் த வின், ஓப்பன் த வின், ஓப்பன் த வின் என்று, கூடப் பாடிக்கொண்டிருந்த நோரீன் நிறுத்திவிட்டாள், வளையல் நின்றது, ஆனால் அந்த அதிகப்படிக் குரல் நிற்கவில்லை. தடுக்கின இடத்தைத் தாண்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரும் இல்லாமல் அது வரியை முடித்தது, அடுத்த வரிக்கும் போயிற்று, அங்கே ஒரு உயரத்தில் ஏறி, ஏறின இடத்தில் நடுங்காமல் ஒரு கணம் நின்று, பிறகு நின்றுபோய், "அய்யய்யோ, நான் மட்டும் போயிட்டேனா!" என்று சிரித்தது. மரகதத்தின் சிரிப்பு. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். இல்லை, சிரித்தது மரகதம், பாடினது வேறு யாரோ, என்று ஒருதரம் நினைத்துப் பார்த்தார், அந்த நினைப்பு நிற்கவில்லை. ஒரே மூச்சில் பாட்டும் சிரிப்பும் வந்தன, நடுவில் ஆள் மாற இடமில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே சுவருக்குள், அவள் இருமல் தெரியும், கொட்டாவி தெரியும், பக்கத்து அறையில் புரண்டு படுத்தால் எந்தப் பக்கம் புரண்டாள் என்று தெரியும், இந்தக் குரல் தெரியாது. வீட்டில் வைத்துக்கொண்டே இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாள்? ஒருதரம்கூடக் கேட்டதில்லையே என்று அவர் மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. அரியலூர் குவார்ட்டர்ஸ், கல்யாணமாகி இரண்டாவது மாதம், பின்கட்டில் அரிசி களைகிற சத்தம். அவர் ஆபீஸ் நண்பன் வைத்தியலிங்கத்தைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், உள்ளே யாரோ இங்கிலீஷில் பாடுகிறார்கள். வைத்தியலிங்கம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "என்னடா, சட்டைக்காரி வீட்டுக்கா கூட்டிட்டு வந்துட்டே?" என்று, ஆங்கிலோ இந்தியப் பெண்களை ஊர் கேலியாகச் சொல்கிற வார்த்தையைச் சொல்லிச் சிரிக்கிறான். உள்ளே போய் என்ன சொன்னோம்? அது வரமாட்டேன் என்கிறது. பின்கட்டு வாசல் வருகிறது, ஈரக் கையோடு திரும்பிப் பார்க்கிற இருபத்திரண்டு வயது முகம் வருகிறது, தன் வாய் அசைவது வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்போம், அடிக்கவில்லை, கை ஓங்கினதே கிடையாது, ஏதோ ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. அதற்கப்புறம் பாட்டு கேட்டதாக நினைவில்லை. சிங்காரவேலு வீட்டில் பொம்பளை சத்தமே வெளியே கேட்காது என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது அவர் அதைத் தன்னுடைய பெருமையாக வாங்கிக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எப்போது சட்டையை மாட்டினார், எப்போது படியேறினார் என்று தெரியவில்லை. நோரீன் வீட்டு மரக்கதவு திறந்திருந்தது, வலைக்கதவு மட்டும் சாத்தியிருந்தது. வேறு இசைத்தட்டு போட்டிருந்தார்கள். மரகதம் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பில்லாமல், ஒரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டுக் கணக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினாள். வயதெல்லாம் அப்படியேதான் இருந்தது, நரை, மூக்குக் கண்ணாடித் தழும்பு, எல்லாம். ஆனாலும் தெரியாத வீட்டுப் பெண்மணி ஒருத்தியை மறைந்து நின்று பார்க்கிறோம் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது, திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்தார். ஜன்னத் டீச்சர்தான் முதலில் பார்த்தாள், கை தட்டப் போனவள் தட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மரகதம் கண்ணைத் திறந்தாள். தூக்கியிருந்த கை இறங்கியது, இறங்கி, இடுப்பிலிருந்த முந்தானையை உருவித் தோளைச் சுற்றிப் போர்த்தியது.

"வாங்க சார், வாங்க" என்று நோரீன் எழுந்து ரெக்கார்டை நிறுத்தினாள். "உள்ள வாங்க. டீ போடறேன்."

"இல்ல, சும்மாதான். தண்ணி மோட்டார் ஓடுற மாதிரி சத்தம் வந்துச்சு, பார்க்கலாம்னு..."

"மோட்டாரைக் காலைலயே நிறுத்தியாச்சே" என்றாள் மரகதம்.

"ஆமா, ஆமா." அவர் வலைக்கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார். பிறகு, "நிறுத்திட்டீங்களே. பாடுங்க. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்" என்றார்.

நோரீன் மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் அவரைப் பார்த்தாள், கோபம் இருக்கிறதா என்று அவர் தேடினார், கோபம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, இல்லை.

"நீங்க இருந்தா வராதுங்க" என்றாள். வெந்நீர் இன்னும் காயவில்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"எத்தனை நாளா மரகதம்?"

"எது?"

"இந்தப் பாட்டு."

"பத்து வயசுலேருந்து."

அவர் கேட்டது இந்தப் புதன்கிழமைகளைப் பற்றி. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அரியலூர்ல, அந்த வைத்தியலிங்கம் வந்தன்னிக்கு, நான் உன்னை என்ன சொன்னேன்?" என்றார்.

மரகதத்தின் முகம் ஒரு நொடி அந்தப் பின்கட்டு முகமாகி மறுபடி அறுபதுக்குத் திரும்பியது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "ஆனா இங்க சொல்ல மாட்டேன். நீங்க போங்க, ஆறு மணிக்கு வந்துடறேன்."

கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே சத்தமில்லை. பேச்சுகூட இல்லை. என்ன செய்கிறார்கள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நோரீன் காதோடு காதாக ஏதோ சொல்கிறாள், மரகதம் அழுகிறாள், அல்லது சிரிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறிக்கிறாள், என்று மனசு பழைய தடத்தில் இரண்டு சுற்று சுற்றியது, மூன்றாவது சுற்றில் நின்றது. அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். இவர் காதைப் பற்றி இவரைவிட மரகதத்துக்குத் தெரியும். கீழே இவர் இருக்கிறவரைக்கும் அவள் வாய் திறக்கமாட்டாள், வலைக்கதவும் ஒன்றுதான், கான்கிரீட்டும் ஒன்றுதான். அவர் சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டுக் கதவை வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினார், படியிறங்கும்போது வேண்டுமென்றே ஒவ்வொரு படியிலும் செருப்பை அடித்து வைத்தார். மேலே இருப்பவளுக்கு ஆள் இறங்கிப் போவது தெரியட்டும். தெருவுக்கு வந்ததும் நின்றார். இங்கேயே நின்றால் கேட்கும், அவர் காதுக்குக் கேட்கும், கேட்க ஆசையாகவும் இருந்தது, ஒரே ஒரு வரி, அந்த உயரத்தில் ஏறி நிற்கிற இடம் மட்டும். கால் தயங்கியது. பிறகு நடந்தார். மாதா கோவில் சுவர் வரை போனார், அங்கே பஸ் சத்தம் போதவில்லை என்று தோன்றி, மெயின் ரோட்டு முனையில் ஆரோக்கியத்தின் இஸ்திரி வண்டி வரைக்கும் போனார். லாரியும் ஆட்டோவுமாகப் போய்க்கொண்டிருந்தன, நல்ல இரைச்சல். அவர்கள் ஆரம்பித்தார்களா, ஆரம்பிக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்களா, தெரிந்துகொள்ள வழியில்லை. பாடிக்கொண்டிருக்கிறாள் என்றே வைத்துக்கொண்டார்.

"என்ன சார், இந்த வெயில்ல வந்து நிக்கிறீங்க? வீடு பூட்டியிருக்கா?" என்றார் ஆரோக்கியம், பெட்டியைத் தூக்கி நிறுத்தி.

"இல்லப்பா. எங்க வீட்டம்மா பாடிட்டு இருக்காங்க."

ஆரோக்கியம் கட்டடம் இருந்த பக்கம் திரும்பிக் காது கொடுத்துப் பார்த்தார். "ஒண்ணும் கேக்கலியே சார்."

"கேக்காது" என்றார் சிங்காரவேலு. "அதுக்குத்தான் இங்க வந்து நிக்கிறேன்."

ஆரோக்கியம் ஒன்றும் புரியாமல் வண்டிக்கு அடியிலிருந்த ஸ்டூலை இழுத்து நிழலில் போட்டார். ஆறு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.